லேசருக்குப் பின் கருவிழிக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். கண்ணாடி போடுவதை விட்டுவிட லேசர் செய்துகொள்ள வருகிறவர்களோடு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுவதுதான் என் பணி. குளச்சல், மார்த்தாண்டம், குலசேகரம், தோவாளை என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். "செல் செத்துப்போகும்" என்று செல்போனில் எதையோ படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். உங்கள் கண்ணை நேரில் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள்.

லேசர் அடிச்சா கண்ணுக்குள்ள உள்ள செல்லெல்லாம் செத்துப் போவுமாமே, நெசந்தானா?

எல்லாம் இல்லை, ஒரு பகுதி சாகும். எந்த வகை லேசர் ஆனாலும் இது நடக்கும். சிகிச்சை தவறிப்போனதற்கு இது அடையாளம் அல்ல. காயம் பட்ட கருவிழி முதலில் செய்கிற வேலையே இதுதான். நாம் கண்காணிக்க வேண்டியது இதற்குப் பின்னால் வரும் அழற்சியை: அது அளவோடு வந்து அடங்குகிறதா, அளவு மீறுகிறதா என்று.

கருவிழி என்பது கண்ணின் முன்பக்கத்தில் உள்ள, ஒளி ஊடுருவும் படலம். நடுவில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். மேலே 50 மைக்ரான் அளவுக்கு மேல்தோல். ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான். அதற்குக் கீழே இருக்கும் பெரும்பகுதிக்கு ஸ்ட்ரோமா என்று பெயர். அதில் கொலாஜன் இழைகள் தறியில் ஏற்றிய பாவு நூல்போல ஒரே இடைவெளியில் ஓடுகின்றன. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. இழைகளுக்கு நடுவே இருந்து அவற்றைப் பராமரிப்பவை கெரட்டோசைட் என்னும் செல்கள். லேசருக்குப் பின் பெரும்பாலும் சாவது இவைதான். கருவிழியின் உள்பக்கக் கடைசி வரிசையில் உள்ள எண்டோதீலியச் செல்கள் போனால் மறுபடி பெருகாது. ஆனால் லேசர் அந்த ஆழத்துக்குப் போவதில்லை.

லேசர் சூட்டுல வெந்துதான் செல் சாவுதா?

இல்லை. கண்ணின் பவரைத் திருத்தும் எக்ஸைமர் லேசர் 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர். அது திசுவைச் சுடுவதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, மைக்ரானுக்கும் குறைவான கனத்தில் அடுக்கடுக்காக எடுத்துவிடுகிறது. பக்கத்துத் திசு கருகாமல் இப்படி வெட்ட முடியும் என்று 1981-இல் கண்டறிந்த ஐ.பி.எம். விஞ்ஞானிகள் மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். லேசருக்கு வரும் நம் பிள்ளைகளிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

அப்படியானால் செல் ஏன் சாகிறது? மேல்தோல் செல்களுக்குள் இன்டர்லூக்கின்-1 என்னும் வேதிப்பொருள் எப்போதும் தயாராக இருக்கும். மேல்தோலில் அடிபட்டதும் அது கசிந்து கீழே இறங்கும். அதைப் பெற்றுக்கொண்ட கெரட்டோசைட், தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் வேலையைத் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஸ்டீவன் வில்சன் குழுவினர் 1990-களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. லேசரே படாமல் மேல்தோலைச் சுரண்டினால்கூட அடியில் உள்ள கெரட்டோசைட்டுகள் சாகின்றன. விரல் நகம் கண்ணில் கீறினாலும் இதுதான் நடக்கும்.

தானா சாவியதும் நசுங்கிச் சாவியதும் ஒண்ணுதானே? செத்தா செத்ததுதானே?

கண்ணைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தானாகச் சாகும் செல் சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, உள்ளே இருப்பது வெளியே சிந்தாமல் அடங்கும். இதற்கு அப்போப்டோசிஸ் என்று 1972-இல் பெயர் வைத்தார்கள். இதை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிந்த பணிக்கு 2002-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நசுங்கியோ வெந்தோ சாகும் செல் வெடித்து உள்ளிருப்பதைக் கொட்டிவிடும். அதற்கு நெக்ரோசிஸ் என்று பெயர். கொட்டியதைச் சுத்தம் செய்ய உடம்பு ஆள் அனுப்பும், அழற்சி கூடும்.

லேசர் முடிந்த சில நிமிடங்களிலேயே அப்போப்டோசிஸ் தொடங்கி, சுமார் 4 மணி நேரத்தில் உச்சத்துக்கு வருகிறது. அடுத்த நாட்களில் நெக்ரோசிஸும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. லேசிக் முறையில் கருவிழியின் மேலே ஃபிளாப் என்னும் மெல்லிய மடலை வெட்டும் ஃபெம்டோசெகண்ட் லேசரின் தொடக்க கால இயந்திரங்கள் அதிக ஆற்றலைச் செலுத்தியதால் நெக்ரோசிஸ் கூடுதலாக இருந்தது. இப்போதைய இயந்திரங்கள் குறைந்த ஆற்றலில் வேலை செய்வதால் அது குறைந்திருக்கிறது.

நல்லா இருக்கிய செல்லு எதுக்குத் தன்னையே கொல்லணும்?

கிருமியைத் தடுக்கத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஹெர்பீஸ் போன்ற வைரஸ் மேல்தோலைத் தாக்கினால், அது உள்ளே பரவ அடுத்த படி கெரட்டோசைட்டுகள். அவை முன்கூட்டியே இல்லாமல் போனால் வைரஸுக்கு வழி அடைபடுகிறது. காயம் லேசரால் வந்ததா வைரஸால் வந்ததா என்று கருவிழி பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் தருகிறது.

செத்ததுக்குப் பதிலா புதுசு வருமா?

வரும். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஓரத்தில் பிழைத்திருக்கும் கெரட்டோசைட்டுகள் பெருகத் தொடங்கி, வெறுமையான இடத்துக்குள் நகர்கின்றன. சில ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்த ஆய்வுகளில், லேசர் பட்ட முன்பகுதியில் எண்ணிக்கை பழையதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது.

அழற்சின்னு எழுதியிருக்கே, அப்பம் கண்ணுல கிருமி ஏறிட்டா?

கிருமி இல்லாமலும் அழற்சி வரும். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. அடிபட்ட கெரட்டோசைட்டுகள் வேதிச் செய்தி அனுப்ப, விளிம்பில் உள்ள ரத்தக் குழாய்களிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் வெள்ளணுக்கள் உள்ளே வருகின்றன. செத்த செல்களின் எச்சத்தை விழுங்குவது அவற்றின் வேலை. பெரும்பாலோருக்கு இது ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

கிருமி ஏறியது வேறு கதை. வலி நாளுக்கு நாள் கூடும், கண் சிவக்கும், பீளை தள்ளும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியும். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வரவேண்டும்.

பி.ஆர்.கே., லேசிக், ஸ்மைல்னு மூணு சொல்லுதாவ. எதுல செல் சாவு கம்மி?

பி.ஆர்.கே.-யில் மேல்தோலை நீக்கிவிட்டு நேராக ஸ்ட்ரோமாவின் மேற்பரப்பில் லேசர் செலுத்துவார்கள். இன்டர்லூக்கின் முழுப் பரப்பிலும் இறங்குவதால் மேற்பரப்பை ஒட்டி நிறைய செல்கள் சாகும். லேசிக்கில் மேல்தோலோடு சேர்த்து ஒரு மெல்லிய மடலை, அதாவது ஃபிளாப்பை, தூக்கி அடியில் லேசர் செய்து மூடுவார்கள். நடுவில் மேல்தோல் சேதமில்லாமல் இருப்பதால் சாவு குறைவு. நடப்பதும் சற்று ஆழத்தில், மடலின் இரு பக்கமும். ஸ்மைலில் ஃபெம்டோசெகண்ட் லேசரால் உள்ளேயே ஒரு வில்லையைப் பிரித்து, சில மில்லிமீட்டர் அகலக் கீறல் வழியாக உருவி எடுக்கிறார்கள். எக்ஸைமர் பயன்படுவதே இல்லை. விலங்குகளில் செய்த ஒப்பீடுகளில் செல் சாவும் அழற்சியும் இதில் குறைவாகவே காணப்பட்டன.

இதை வைத்து "ஸ்மைலே போதும்" என்று முடிவு செய்யாதீர்கள். கருவிழி மெல்லியதாக இருப்பவருக்கு, அடிபடும் வாய்ப்புள்ள வேலையில் இருப்பவருக்கு, மடல் இல்லாத பி.ஆர்.கே. பொருத்தமாக இருக்கலாம். எந்த முறை என்பதைக் கருவிழியின் தடிமனும் வடிவமும் முடிவு செய்யட்டும், விளம்பரம் அல்ல. என் கருத்து இதில் உறுதியானது.

எனக்க மவனுக்கு பி.ஆர்.கே. செஞ்சு நல்லா தெரிஞ்சுது. ரெண்டு மாசம் கழிஞ்சு புகை மூடுன மாதிரி இருக்குன்னு சொல்லுதான். அது என்னது?

ஹேஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் மங்கலாக இருக்கலாம். லேசிக்கில் இது மிக அரிது, பி.ஆர்.கே.-யில், அதுவும் மைனஸ் 6-க்கு மேல் பவர் உள்ளவர்களுக்கு, வாய்ப்பு கூடுதல்.

நடப்பது இப்படி. மேல்தோலுக்கும் ஸ்ட்ரோமாவுக்கும் இடையே அடித்தளச் சவ்வு ஒன்று உண்டு. அது மேல்தோலில் சுரக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் பொருளைக் கீழே இறங்க விடாமல் தடுக்கிறது. பி.ஆர்.கே.-யில் சவ்வும் போய்விடும். அது சரியாக மறுபடி உருவாகும்வரை டி.ஜி.எஃப்.-பீட்டா தடையின்றி இறங்கும். வாரக்கணக்கில் அது கிடைத்துக்கொண்டே இருந்தால், பெருகிய செல்களில் சில மயோஃபைப்ரோபிளாஸ்டாக மாறுகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பவை. போதாக்குறைக்கு ஒழுங்கில்லாத இழைகளை நெய்து வைப்பவை. பாவு நூல் சிக்கல் விழுந்தால் என்ன ஆகுமோ அதுதான் பார்வைக்கும் ஆகிறது.

பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் இது உச்சத்துக்கு வந்து, ஓராண்டு ஈராண்டில் தானாகக் கரையும். கரைவதற்கும் செல் சாவே வழி. அடித்தளச் சவ்வு முழுதாக உருவானதும் டி.ஜி.எஃப்.-பீட்டா நின்றுபோகிறது. அது இல்லாமல் மயோஃபைப்ரோபிளாஸ்ட் வாழாது, அப்போப்டோசிஸில் போய்விடும். பின்னால் வரும் கெரட்டோசைட்டுகள் சிக்கிய இழைகளை மெல்லச் சீராக்கும். முதல் நாள் சாவு கண்ணைக் காக்கிறது, கடைசிச் சாவு கண்ணைத் தெளிய வைக்கிறது. செல் சாகிறது என்று கேட்டதும் பயப்படுகிறவர்களுக்கு நான் மெனக்கெட்டு விளக்கிச் சொல்வது இதைத்தான். ஆனால் தானாகப் போகும் என்று உங்கள் மகன் வீட்டில் காத்திருக்கக் கூடாது. மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், உடனே காட்டுங்கள்.

மைட்டோமைசின் வச்சு எடுப்போம்னு சொன்னாவ. அது புற்றுநோய் மருந்தாமே!

ஆமாம், புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்துதான். இங்கே 0.02 சதவீத அளவில், பஞ்சில் நனைத்து, சில விநாடிகள் முதல் 2 நிமிடம்வரை லேசர் பட்ட இடத்தில் வைத்து, நன்றாகக் கழுவிவிடுவார்கள். செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதை அது தடுக்கிறது. அதனால் முன் பதிலில் சொன்ன மயோஃபைப்ரோபிளாஸ்ட் உருவாவது குறைகிறது. பவர் அதிகமாக உள்ளவர்களுக்கு ஹேஸ் பயம் இன்று குறைந்ததற்கு முக்கியக் காரணம் இந்த மருந்துதான். முடி கொட்டுமா என்று பெண் பிள்ளைகள் கேட்பதுண்டு. கொட்டாது.

கறுப்புக் கண்ணாடி எத்தன நாளு போடணும்? வீட்டுப் பக்கத்துல கடலு.

பி.ஆர்.கே. என்றால் பல மாதங்கள். ஓராண்டுவரை போட்டால் இன்னும் நல்லது. சூரியனின் புற ஊதாக் கதிர் அதிகமாகப் பட்டால் ஹேஸ் கூடும் என்று விலங்கு ஆய்வுகளிலும் நோயாளிகளிடமும் கண்டிருக்கிறார்கள்.

நம் மாவட்டம் 8 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. வடக்கே உள்ளவர்களுக்குப் போல் குளிர்காலத்தில் வெயில் தணியும் என்ற பேச்சு இங்கே இல்லை. முட்டம், குளச்சல், சொத்தவிளை போன்ற கரைகளில் மணலும் நீரும் கதிரைக் கீழிருந்தும் திருப்பி அனுப்பும். அதனால் யுவி 400 என்று குறித்த, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி வாங்குங்கள். கூடவே தொப்பியும் வேண்டும். கடற்கரைக் கடையில் கிடைக்கும் வெறும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. இருட்டில் கண்மணி விரியும், கதிர் இன்னும் உள்ளே போகும்.

தங்கல் போவலாமா? ரப்பர் பால் வெட்டப் போவலாமா? அண்டி ஆபீசுக்கு?

தூத்தூர் பக்கத்து அண்ணன்மார் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். அங்கே கண் சிவந்தால் காட்ட ஆளில்லை. லேசிக் என்றால் குறைந்தது ஒரு மாதம், பி.ஆர்.கே. என்றால் மருத்துவர் பார்த்து அனுமதி தரும்வரை, தங்கல் வேண்டாம். மடல் முழுப் பலத்தோடு ஒட்டுவதில்லை. கயிறோ மீன் வாலோ கண்ணில் அடித்தால் ஆண்டுகள் கழிந்தும் அது நகரக்கூடும். அதனால்தான் கடல் தொழில் செய்கிறவர்கள் தொழிலை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் பால் உறைய ஆசிட் ஊற்றும் இடத்திலும், அண்டி ஆபீசில் முந்திரி வறுக்கும் புகையிலும், ஆறும்வரை நிற்காதீர்கள். பிறகு போகும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

லேசிக் செஞ்ச மறுநாளு கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு, வலியும் இல்ல. பிறகு எதுக்கு வரச் சொல்லுதிய?

மடலுக்கு அடியில் வரும் ஒரு அழற்சி வெளியே தெரியாது என்பதால். டி.எல்.கே. என்று அதைச் சொல்வார்கள். முதல் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வெள்ளணுக்கள் மடலின் அடியில் மணல் தூவியதுபோல் பரவும். தொடக்கத்தில் வலி இருக்காது, பார்வையும் நன்றாகவே இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் பிடிபடும். கிருமி காரணமல்ல, கருவிகளில் தங்கிய நுண்ணிய எச்சம், மேல்தோல் உரிதல் போன்றவை தூண்டிவிடும்.

முதல் கட்டத்தில் பிடித்தால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை அடிக்கடி விட்டு அடக்கிவிடலாம். முற்றினால் மடலைத் தூக்கிக் கழுவ வேண்டிவரும். அதையும் விட்டால் திசு கரைந்து தழும்பு விழும். மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஐந்து நிமிடம் காட்டிவிட்டுப் போவது வீண் அலைச்சல் என்று தோன்றும். மொத்தச் சிகிச்சையிலும் நான் கைகூப்பிக் கேட்பது அந்த ஒரு பயணத்தைத்தான்.

ஸ்டீராய்டுன்னா பயமா கெடக்கு. நாலு நாள்ல நிறுத்திட்டா என்ன?

அழற்சி அடங்குமுன் நிறுத்தினால் அது திரும்பி எழும், பி.ஆர்.கே.-யில் ஹேஸுக்கு வழிவிடும். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை அதனால்தான் எழுதித் தருகிறார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் அடிக்கடி நடக்கிறது. "கண்ணு குளுமையா இருக்கு" என்று பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்கி விடுகிறார்கள். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும். 100 பேரில் 5, 6 பேருக்கு மிக அதிகமாக ஏற்றும். குடும்பத்தில் கண் நீர் அழுத்த நோய் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நோயில் போன பார்வை திரும்பாது. நீண்ட நாள் விட்டால் கண்புரையும் வரும்.

மருந்து விட விட மங்கல் கூடுது. அப்பம் இன்னும் கூட்டி விடணுமா?

வேண்டாம், உடனே வாருங்கள். லேசிக் முடிந்து ஒரு வாரம் பத்து நாளுக்குப் பின் இப்படி ஆனால், டி.எல்.கே. போலவே தோன்றும் வேறொன்றாக இருக்கலாம். ஸ்டீராய்டால் அழுத்தம் ஏறி, மடலின் அடியில் நீர் கோத்து நிற்கும். டி.எல்.கே. என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். இதற்கு மருந்து ஸ்டீராய்டை நிறுத்துவதும் அழுத்தத்தைக் குறைப்பதும்.

இன்னொரு சிக்கல்: நீர் கோத்த கருவிழியின் நடுவில் அழுத்தம் பார்த்தால் அளவு குறைவாகவே காட்டும். அதனால் ஓரத்திலும் அளந்து பார்ப்பார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் லேசர் செய்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். கருவிழி மெலிந்திருப்பதால் பிற்காலத்திலும் அளவு குறைவாகக் காட்டக்கூடும்.

அம்மச்சி நந்தியாவட்டைப் பூ பிழிஞ்சு விடச் சொல்லுதா. தாய்ப்பாலு, விளக்கெண்ண?

அம்மச்சியின் அன்பை மறுக்க வேண்டாம், கண்ணில் மட்டும் விட வேண்டாம். நந்தியாவட்டையைப் பறித்தால் காம்பில் பால் வடிவதைப் பார்த்திருப்பீர்கள். அது கருவிழியை எரிக்கும். தாய்ப்பாலும் வீட்டு எண்ணெயும் கிருமி நீக்கியவை அல்ல. மேல்தோல் திறந்திருக்கும்போது, அதுவும் ஸ்டீராய்டு விட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளே போகும் கிருமிக்குத் தடையே இல்லை.

நம் தென்மாவட்டங்களில் பூஞ்சை பெரிய ஆபத்து. மதுரையில் நடந்த ஆய்வில் கருவிழிப் புண்களில் பாதியை நெருங்கும் பங்கு பூஞ்சையால் வந்தது. ஓலை, வைக்கோல், மண் பட்டு வரும் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் பூஞ்சை கொழிக்கும்.

வலி தாங்க முடியல்ல. கண்ணு மரத்துப் போவ ஒரு மருந்து விட்டாங்களே, அதைத் தந்து விட்டா என்ன?

பி.ஆர்.கே.-க்குப் பின் இரண்டு மூன்று நாள் வலி கடுமையாகத்தான் இருக்கும். உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழி ஒன்று. அதன் மூடியைத்தான் எடுத்திருக்கிறோம். ஆனால் மரப்பு மருந்தை வீட்டில் திரும்பத் திரும்ப விட்டால் புதிதாக வளரும் மேல்தோல் செல்கள் அதனாலேயே சாகும். புண் ஆறாது, கருவிழி உருகிப்போனவர்களும் உண்டு. மாத்திரை, குளிர்ந்த ஒத்தடம், கண்ணுக்கு மேல் வைக்கும் கட்டு லென்ஸ் ஆகியவற்றோடு அந்த நாட்களைக் கடத்துங்கள். மேல்தோல் மூடியதும், பெரும்பாலும் 4, 5 நாளில், லென்ஸை எடுத்துவிடுவார்கள்.

மூணு மாசமாச்சு, கண்ணு ஒணந்து கரிக்கி. இதும் செல் சாவுனாலயா?

நேரடியாக இல்லை. லேசிக்கில் மடல் வெட்டும்போது கருவிழி நரம்புகளும் அறுபடும். உணர்வு குறைவதால் கண்ணீர் சுரப்பதும் இமைப்பதும் குறையும். உலர்ந்த மேல்தோல் மறுபடி அழற்சியைத் தூண்டும். பெரும்பாலோருக்கு 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் தேறிவிடும். ஆரல்வாய்மொழிக் காற்றில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள். பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் உதவும். கசக்குவது மட்டும் கூடவே கூடாது.

ஆறின பிறகு மெட்ராஸ் ஐ வந்தா மறுபடியும் முதல்லேருந்தா?

எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனால் ஆறிய கண்ணில் மெட்ராஸ் ஐயோ கீறலோ வந்தபின் டி.எல்.கே. தலைதூக்கியதாகவும், ஹேஸ் திரும்பியதாகவும் மருத்துவப் பதிவுகள் உண்டு. மேல்தோலில் அடிபட்டால் என்ன நடக்கும் என்று இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான் காரணம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மருந்தை விடாமல், லேசர் செய்த கண் என்று சொல்லிக் காட்டுங்கள்.

யாருக்கு லேசர் வேண்டாம்னு சொல்லுவிய?

18 வயது ஆகாதவர், ஓராண்டாகப் பவர் நிலைக்காதவர், கருவிழி கூம்பி வரும் கெரட்டோகோனஸ் உள்ளவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், சர்க்கரை கட்டுப்படாதவர். கண்ணில் ஹெர்பீஸ் வந்தவர்களும் முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் அதை மறைக்கவே கூடாது. இவர்களுக்கு அழற்சி அளவோடு அடங்கும் என்று நம்ப முடியாது.

லேசர் செஞ்ச கண்ணைத் தானம் பண்ணலாமா?

பண்ணலாம். முன்பகுதி வடிவம் மாறியிருப்பதால் முழுக் கருவிழி மாற்றுக்கு அதை எடுப்பதில்லை. ஆனால் முதல் பதிலில் சொன்ன எண்டோதீலிய வரிசை நன்றாக இருந்தால், அந்த உள்ளடுக்கை மட்டும் பொருத்தும் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியும். லேசர் செய்த காகிதங்களை எறியாதீர்கள். வயதானபின் கண்புரை அறுவைக்கு லென்ஸ் பவர் கணக்கிடவும் அவை தேவைப்படும். அவை எங்கே இருக்கின்றன என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண் எடுக்க வருகிறவர்களிடம் லேசர் விவரத்தைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.